முதுகோடு முதுகாக ஒரு பாலம்

அனுப்பர்பாளையத்தில் புருசனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளாமல் இருப்பது பெரிய செய்தி இல்லை. பேசிக்கொள்ளாமலே ஒரே வண்டியில் ஏறி ஒரே கம்பெனிக்குப் போய் வருவதுதான் செய்தி.

மோகன்ராஜும் கோமளாவும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவான். அவள் ஏறுவாள். நடுவில் சாப்பாட்டுக் கூடை. ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப் போட்டால்கூட அவள் அவன் தோளைத் தொடுவதில்லை, பின்னால் இருக்கும் கம்பியைத்தான் பிடிக்கிறாள் என்பதுவரைக்கும் தெரு கவனித்து வைத்திருந்தது. தெருவுக்கு வேறென்ன வேலை?

காரணம், தவறாமல் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு வாரம் கல்யாணம் காதுகுத்து என்று போய்விட்டவர்களுக்காகச் சுருக்கமாக.

மோகன்ராஜ் பனியன் கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். கோமளா அதே கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ். அவன் தைத்து அனுப்புவதை இவள் அளந்து பார்த்து அனுப்ப வேண்டும். அவன் லைனில் தைத்த குழந்தைகள் டி-சர்ட் ஒரு லாட், கழுத்துப்பட்டி கால் இஞ்சு கூடிப்போய் வந்தது. கோமளா டேப் வைத்து அளந்தாள். எடுத்துவிட்டு மறுபடி அளந்தாள். பிறகு மொத்த லாட்டும் ரிஜெக்ட் என்று சொல்லிவிட்டாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. ஜி.எம். நிற்க, பத்துப் பேர் பார்க்கச் சொன்னாள்.

பெண்டாட்டி என்றால் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ள மாட்டாளா என்று அவன் நினைத்தான். புருசன் என்றால் கொஞ்சம் கண்ணைத் திறந்து தைக்க வைக்க மாட்டானா என்று அவள் நினைத்தாள். இரண்டு பேரும் நினைத்ததோடு சரி.

அந்த லாட், கழித்துப் போட்ட சரக்கை மலிவாக விற்கிற காதர்பேட்டைக்குப் போயிற்று. வாங்கின வியாபாரி அய்யூப், நல்ல மனிதர், நன்றி சொல்ல மோகன்ராஜுக்கே போன் பண்ணினார். "சரக்கு பறக்குதுங்க தம்பி. அடுத்ததையும் இதே மாதிரி தப்பாத் தெச்சு அனுப்புங்க." அவர் சிரித்தார். மோகன்ராஜ் போனை வைத்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை.

இதுதான் கதை. இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

காலையில் வானம் மூடிக் கிடந்தது. பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. கோமளா அடுப்படியிலிருந்து மாமியார் சின்னாத்தாளிடம் சொன்னாள்.

"அத்தை, தயிர்சோறு கட்டியாச்சுன்னு சொல்லுங்க."

மோகன்ராஜ் இரண்டடி தள்ளி உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். சின்னாத்தாள் அவன் பக்கம் திரும்பினாள். அந்த வீட்டில் ஒரு பேச்சு அவளைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்ந்துதான் போகும்.

"கண்ணு, உனக்கு ஒடம்புச் சூடுன்னு சொல்லி பாத்துப் பாத்துத் தயிர்சோறு கட்டியிருக்கறா."

"ஊறுகாய் வெச்சாளான்னு கேளுங்கம்மா."

"ஏஞ் சாமி, ஊறுகாய் போட்டா இன்னும் நல்லா இருக்கும், உன்ற கைப்பக்குவம் ஆருக்கு வரும்னு கேக்கறான்."

"வெச்சிருக்குன்னு சொல்லுங்க அத்தை."

ஒரே மகள் ஈரோட்டில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். அவள் போன் பண்ணும்போது மட்டும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சிரிப்பார்கள். போன் அணைந்ததும் சிரிப்பும் அணையும்.

கம்பெனியில் வேலை குறைந்து கொஞ்ச காலம் ஆகிறது. ஆர்டர் வரவில்லை. தையல் ஹாலில் பாதி மெஷினுக்கு உறை போட்டுவிட்டார்கள். மிச்சப் பாதியின் சத்தம் பெரிய ஹாலில் தனியாக அலைந்துகொண்டிருந்தது. இந்த லட்சணத்தில், சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் டீம் பில்டிங், எல்லா செக்சனிலிருந்தும் சூப்பர்வைசர்களும் சீனியர் ஆட்களும் கேன்டீனுக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"என்ன பில்டிங்?" என்றான் பேக்கிங் ஆத்தப்பன்.

"சின்னப் புள்ளைக வெளையாடற பிளாஸ்டிக் கட்டைங்க. ஒண்ணுமேல ஒண்ணு அமுத்தினா ஒட்டிக்குமே, அது. அத வெச்சு வீடு, பாலம் எல்லாம் கட்டோணுமாம்" என்றான் பக்கத்தில் நின்றவன்.

"ஆளக் குறைக்கறதுக்கு முன்னால விருந்து வெப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கறன். வெளையாட விடுவாங்கன்னு கேள்விப்படலியே."

சிரித்தார்கள். சிரித்த முகங்கள் சீக்கிரமே பழையபடி ஆகிவிட்டன.

பதினோரு மணி டீக்கு நிற்கும்போது சைதுன்னிசா கோமளாவை ஓரமாக இழுத்தாள். செக்கிங்கில் அடுத்த டேபிள். ஒரு விசயத்தை வயிற்றில் வைத்திருந்தால் அவளுக்கு டீ இறங்காது.

"அக்கா, அண்ணன் ஒடிசா போறாராமே."

கோமளா டம்ளரை வாயருகே பிடித்தபடி நின்றாள்.

விசயம் இதுதான். கம்பெனி ஒடிசாவில் புது யூனிட் திறக்கிறது. இத்தனை காலம் அங்கிருந்து இங்கே ஆட்கள் ரயிலேறி வந்துகொண்டிருந்தார்கள். இப்போது கம்பெனியே ரயிலேறுகிறது. அங்கே இருக்கிற பெண்பிள்ளைகளுக்குத் தையல் கற்றுக்கொடுத்து லைனை ஓட்ட இங்கிருந்து ஒரு ஆள் போக வேண்டும். இரண்டு வருசம். மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனி கேட்டு வாங்கின பெயர்கள் இரண்டு. மூன்றாவது, மோகன்ராஜ் தானாகப் போய்க் கொடுத்தது.

"மதியம் வெளையாட்டு சும்மா இல்லக்கா. ஜி.எம். ஒக்காந்து பாக்கப் போறாராம். மூணு பேர்ல ஆரு மனுசங்களோட ஒத்துப் போறாங்கன்னு. அப்பறந்தான் முடிவாம். உங்ககிட்டச் சொல்லீருப்பாரில்ல?"

"சொன்னாரு, சொன்னாரு" என்றாள் கோமளா. "ஆரு சொல்லாம போவாங்க."

டீ ஆறிப்போயிருந்தது. ஆனாலும் குடித்து முடித்தாள். சைதுன்னிசா பார்த்துக்கொண்டிருந்தாளே.

அதன்பிறகு மதியம்வரை அவள் கையில் வந்த துணி ஒன்றையும் சரியாகப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஒரே வண்டியில், தன் முன்னால் உட்கார்ந்து, இவ்வளவு பெரிய விசயத்தை முதுகுக்குள் வைத்துக்கொண்டு ஒருத்தன் தினமும் ஓட்டியிருக்கிறான். அந்த முதுகைத்தான் அவள் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள்.

போகாதீங்க என்று சொல்ல வேண்டும். யார் மூலமாகச் சொல்வது? சின்னாத்தாளிடம் சொன்னால் அவள் அங்கேயே உட்கார்ந்து அழுவாள். மகன் ஒடிசா போகிறான் என்பது அவளுக்கும் தெரியாது.

கேன்டீனில் மேசைகளை ஒதுக்கி நாற்காலிகளை இரண்டிரண்டாக, முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டிருந்தார்கள். கட்டைகளோடு வந்திருந்த பயிற்சியாளன் ஷாரிக், கோயமுத்தூர்க்காரன், சின்ன வயசு. எல்லாரையும் பார்த்து உற்சாகமாகக் கை தட்டினான். பதிலுக்கு இரண்டு பேர் தட்டினார்கள்.

விளையாட்டு லேசானது. ஜோடியில் ஒருவர் கையில் ஏற்கனவே கட்டிய சின்னப் பாலம் ஒன்று இருக்கும். அவர் அதைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் திரும்பிப் பார்க்காமல், கேட்டதை மட்டும் வைத்து அதே பாலத்தைக் கட்ட வேண்டும். கட்டுகிறவர் கேள்வி கேட்கக் கூடாது. நம்பிக்கைதான் முக்கியம் என்றான் ஷாரிக்.

"செக்கிங்ல ஒருத்தர் சொல்லணும், தையல்ல ஒருத்தர் கட்டணும். உங்க ரெண்டு செக்சனுக்கும் அடிக்கடி முட்டிக்குமாமே, ஜி.எம். சார் சொன்னாரு."

கூப்பிட்டுக்கொண்டே வந்தான். "கோமளா மேடம். அப்பறம்... மோகன்ராஜ் சார்."

ஆத்தப்பன் இருமினான். யாரோ யாருடைய காலையோ மிதித்தார்கள். ஷாரிக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் இதுக்கு முன்னாடி பேசிப் பழகியிருக்கீங்களா?"

"கொஞ்சம் பழக்கமுங்க" என்றான் மோகன்ராஜ்.

சிரிப்பு வெடித்தது. ஜி.எம்.கூடச் சிரித்தார். கோமளா தலையைக் குனிந்தபடி போய் உட்கார்ந்தாள். அவன் பின்னால் வந்து உட்கார்ந்தபோது நாற்காலி நாற்காலியில் இடித்தது. அவன் தலைமுடியில் தேங்காய் எண்ணெய் வாசனை. இவள் வாங்கி வைத்த எண்ணெய்தான்.

அவள் மடியில் பாலம். புள்ளி புள்ளியாகப் புடைத்த ஒரு பச்சைப் பலகை, அதன்மேல் இரண்டு பக்கமும் தூண், தூணுக்கு மூன்று கட்டை, மேலே நீளமாக ஒரு வெள்ளைக் கட்டை. குழந்தை கட்டிவிடும்.

விசில் அடித்தார்கள். கேன்டீன் முழுவதும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது.

கோமளாவுக்கு வாய் வரவில்லை. பக்கத்து ஜோடியெல்லாம் பாதிப் பாலம் கட்டிவிட்டது.

"பச்சைப் பலகை ஒண்ணு எடுங்க" என்றாள் கடைசியில். "கிடைமட்டமா வெச்சுக்குங்க."

கட்டை எடுக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவு நாள் கழித்து அவனுக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தை பச்சைப் பலகை.

"வலது ஓரத்துல, ஓரத்துலிருந்து ஒரு புள்ளி உட்டு, மஞ்சக் கட்டை. அதுமேல மஞ்ச. அதுமேல இன்னொரு மஞ்ச. மூணு."

கடக், கடக், கடக். சொன்னது சொன்னபடி. லைனில் கத்துகிற ஆள், ஒரு வார்த்தை பேசாமல் அவள் சொல்வதைக் கையால் கேட்டுக்கொண்டிருந்தான். இந்த மாதிரி அவன் அவளைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று?

அப்போதுதான் ஜி.எம். அருகில் வந்து நின்றார். மோகன்ராஜின் கையைக் குனிந்து பார்த்தார். பக்கத்திலிருந்த எச்.ஆர். பெண்ணிடம், "எவ்வளவு பொறுமையாக் கேக்கறாரு பாருங்க. அங்க இந்த மாதிரி ஆளுதான் வேணும்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஜோடிக்கு நகர்ந்தார்.

கோமளா பாலத்தைப் பார்த்தாள். இடது தூண். மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.

"இடது ஓரத்துலயும் ஒரு புள்ளி உட்டு, மஞ்ச வைங்க" என்றாள். "நாலு."

பின்னால் சத்தம் நின்றது.

அவன் முதுகு ஒரு தடவை மூச்சு வாங்கியது நாற்காலி வழியாக அவளுக்குத் தெரிந்தது. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் நாலு வைத்தால் மேலே எது நிற்கும்? கட்டுகிறவனுக்குத் தெரியாதா? அவன் கேட்கக் கூடாது. அவள் திருத்தலாம். திருத்த நேரம் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கடக். கடக். கடக். கொஞ்சம் பொறுத்து, நாலாவது.

"மேல நீளமா வெள்ளை" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை.

விசில். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏழெட்டு ஜோடிகளின் பாலங்கள் ஏறக்குறையச் சரியாக இருந்தன. மோகன்ராஜின் பாலத்தில் வெள்ளைக் கட்டை ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு, மறுபக்கம் அந்தரத்தில் தூக்கி நின்றது. அவன் அதை ஒற்றை விரலால் தாங்கிப் பிடித்திருந்தான். விரலை எடுத்தான். கட்டை கழன்று தரையில் விழுந்து உருண்டது.

"அட, புருசன் பொண்டாட்டி பாலம் நொண்டுது" என்றது ஒரு குரல். ஷாரிக்குக்கு அப்போதுதான் விசயம் புரிந்து முகம் சிவந்துபோனது. சமாளித்துக்கொண்டு, வகுப்பில் கேட்பதுபோல் கேட்டான்.

"சரி, தப்பு எங்க நடந்துச்சு? சொன்னதுலயா, கட்டினதுலயா?"

எல்லாக் கண்ணும் கோமளா மேல். அந்தச் சந்தடியில் அவள் நாலு என்று சொன்னது வேறு யார் காதிலும் விழுந்திருக்காது. ஒருவர் காதைத் தவிர.

அவள் வாயைத் திறந்தாள்.

"அவங்க சரியாத்தானுங்க சொன்னாங்க" என்றான் மோகன்ராஜ். "நாந்தான் ஒண்ணு கூட வெச்சுட்டேன். என்ற தப்புங்க."

அந்த மனிதன் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து அங்கே யாரும் கேட்டதில்லை. கழுத்துப்பட்டி விவகாரத்தில் நூலைச் சொன்னான், துணியைச் சொன்னான், மெஷினைச் சொன்னான், கரண்ட்டைக்கூடச் சொன்னான். தன்னைச் சொல்லவில்லை.

ஜி.எம். முன்னால் வந்து கை தட்டினார்.

"பாலம் நிக்காட்டிப் பரவால்ல. பத்துப் பேர் முன்னால என்ற தப்புன்னு சொன்னாரு பாருங்க. தெரியாத ஊர்ல, தெரியாத ஜனத்த வெச்சு லைன் ஓட்டறதுக்கு இதுதான் வேணும். மோகன்ராஜ், அஞ்சு மணிக்கு ரூமுக்கு வாங்க."

கை தட்டல் பெரிதாகக் கேட்டது. சைதுன்னிசா மட்டும் தட்டவில்லை. அவள் கோமளாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் அவளுக்கு என்ன கிடைத்ததோ, திங்கட்கிழமை டீக்குத் தெரியவரும்.

சாயங்காலம் அவன் ஜி.எம். ரூமுக்குப் போய்விட்டு வந்தபின் கிளம்பினார்கள். வண்டியில் நடுவே காலிக் கூடை. மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு, வராமலே இருந்தது. சாயப்பட்டறைப் பக்கத்துக் காற்று மூக்கில் ஏறியது. ஸ்பீடு பிரேக்கரில் அவன் வழக்கத்தைவிட மெதுவாக ஏற்றி இறக்கினான். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் சின்னாத்தாள் இல்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். நடுவில் ஆள் இல்லாத வீட்டில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

கோமளாதான் ஆரம்பித்தாள்.

"நான் வேணும்னேதான் மாத்திச் சொன்னனுங்க."

"தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்கு வெச்சீங்க?"

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். "நீ அளவு மாத்திச் சொல்லி நான் கேட்டதே இல்ல. சாயும்னு தெரிஞ்சுதான் வெச்சேன்."

"என்ற மேல தப்புன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க. என்ற மூஞ்சி தொங்கிப் போயிருக்கும். ஆனா உங்களக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க."

"சொல்லியிருக்கலாம்." அவன் குரலில் சூடே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "பத்துப் பேர் முன்னால உன்னைய ரிஜெக்ட் பண்ண எனக்கு மனசு வர்ல."

அவன் குத்திக் காட்டுகிறானா, இல்லை உண்மையிலேயே மனசு வரவில்லையா? இத்தனை வருசம் குடித்தனம் நடத்தியும் அது அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"போகோணுமுங்களா?" என்றாள்.

"இங்கிருந்து என்ன பண்ணறது? லைன் பாதி மூடியாச்சு. மீதில தெக்கறதும் உன்ற டேபிளுக்குத்தான் வரும்." பொத்தானை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். நேராகப் பார்த்தான். "என்னையத்தான் போகச் சொல்றாங்க, பதில் சொல்லத் திங்கக்கெழமை வரைக்கும் டைம் குடுத்திருக்கறாங்க. ஒண்ணு கேக்கறன். சொல்லு. அதே மாதிரி இன்னொரு லாட் வருது. என்ற லைன்லிருந்து. அதே கால் இஞ்சு. பாஸ் பண்ணுவயா?"

கோமளாவுக்குக் கேள்வி புரிந்தது. அதற்குள் இருந்ததும் புரிந்தது. அவன் கழுத்துப்பட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. பண்ணுவேன் என்று ஒரு வார்த்தை. பொய் என்று அவனுக்கும் தெரியும். அந்தப் பொய்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதைக் கேட்டுவிட்டால் அவன் இருப்பான்.

மதியம் ஒன்று சொன்னாள். அவ்வளவு சுலபமாக வந்ததே. இன்னொன்று வராதா?

நாக்கு வரைக்கும் வந்தது. அதே கால் இஞ்சு, அதே டேபிள், டேப்பைப் பிடித்திருக்கும் அவள் கை, எதிரில் இவன் நிற்கிற நிற்பு, எல்லாம் கண்முன்னால் தெரிந்தது. அன்றைக்கும் அவள் அளக்கத்தான் போகிறாள். இன்று பண்ணுவேன் என்று சொல்லி நிறுத்திவைத்த ஆளை அன்று எந்த முகத்தோடு பார்ப்பது?

"பண்ண மாட்டனுங்க" என்றாள்.

மோகன்ராஜ் தலையை ஆட்டினான். கோபம் இல்லை. கேட்பதற்கு முன்பே பதில் தெரிந்தவன் ஆட்டுகிற தலை. கழற்றின பொத்தான்களை மறுபடி ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"சார், மோகன்ராஜ் பேசறனுங்க. ஒடிசா விசயமாத்தானுங்க."

எதிர்வீட்டில் டி.வி. சத்தம் சட்டென்று குறைந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவதை நிறுத்தினார்கள். கோமளா அடுப்படி வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். தெருவே அவளோடு சேர்ந்து தீட்டிக்கொண்டது.

ஆனால் அதற்கப்புறம் அவன் போகிறேன் என்றானா, மாட்டேன் என்றானா, ஒருத்தர் காதிலும் விழவில்லை. அந்த மனிதன் அவ்வளவு தணிந்து பேசி அந்தத் தெரு கேட்டதே இல்லை.